அண்ணமார் ஜெராக்ஸின் இந்த வாரச் சிபாரிசு

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. பென்டிரைவா? குடுங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒரு காலு கட்டை, செத்த சொவத்துல சாஞ்சாப்புல உக்காந்துக்கோணும். ஆ, அப்புடித்தான்.

முப்பத்தாறு பக்கமுங்களா? ரெண்டு பக்கமும் அடிச்சு ஸ்பைரல் போட்டரலாம். மிசினு பழசுங்க, சூடாகறதுக்கே நேரம் எடுத்துக்கும். அவசரமில்லைல்ல? நெம்ப நல்லதாப் போச்சு.

ஏனுங்க, இதென்ன, ஊடால ஒரு மேப்பு தெரியுது? கதவு, படி, சுரங்கம்... அட, சாகசப் புத்தகமுங்களா! அதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லங்க! இந்தப் பீளமேட்டுல அதைப் பத்திச் சொல்றதுக்கு என்னைய உட்டா ஆளு கெடையாதுங்க. சென்னியப்பன்னு பேரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. இப்ப கேக்காதீங்க. எட்டு மாசத்துக்கு முந்திக் கேட்டிருக்கோணும்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். ஒரு மேசையச் சுத்தி நாலஞ்சு பேரு உக்காந்துக்கறாங்க. ஒருத்தரு கதைய நடத்தறாரு, ஜி.எம்.னு பேரு அவருக்கு. மத்தவிய எல்லாம் கதைக்குள்ள வர்ற ஆளுக. வீரன், மந்திரக்காரி, திருடன், அவிய அவிய ஆசைக்கு ஒண்ணு. கதவைத் தொறக்கறதா ஓடறதான்னு அவிய சொல்லோணும், நடந்துதா இல்லையான்னு பகடை சொல்லும். கதவுக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு இந்தப் புத்தகத்துல இருக்கும். பெரிய கம்பெனி போடறதெல்லாம் தலகாணியாட்ட இருக்குமுங்க. நான் சொல்றது அதில்லை. எங்கியோ ஒரு ஊருல ஒரு நர்சம்மா, ஒரு பஸ் டிரைவரு, அவியளே எழுதி, அவியளே படம் போட்டு, நெட்ல விக்கறது. இருவது பக்கம், முப்பது பக்கம். அதுலதான் சரக்கு இருக்குதுங்க.

ஓடுது பாருங்க மிசினு. இதுல ஒரு குணம், கடைசித் தாளு மொதல்ல வரும். தாளு மேல மொகம் பாத்து விழுகறதால அப்புடி அடிச்சாத்தான் அடுக்கு செரியா நிக்கும். அதனால எனக்கு எப்பவுமே முடிவு மொதல்ல தெரிஞ்சு போயிருமுங்க. முடிவைப் படிச்சுட்டு, அப்பறம் ஏன் அப்புடி ஆச்சுன்னு பின்னாலயே போறது. நெம்பச் சொகமா இருக்குமுங்க. மொதப் பக்கத்துலருந்து படிக்கறவிய எப்புடித்தான் பொறுமையா இருக்கறாங்களோ.

அட! தமிழு! தமிழ்ல இருக்குதுங்களே அம்மிணி! மூணு வருசத்துல தமிழ்ல ஒண்ணு அடிச்சதில்லீங்க நானு. எல்லாம் இங்கிலீஷுதான். இங்கிலீஷு எனக்குப் படிச்சாப் புரியும், ஆனா ஒவ்வொரு வரியும் ஏத்தத்துல சைக்கிள் மிதிக்கறாப்புல. இது கண்ணு தானா ஓடுது. யாருங்க எழுதுனது? செரி, செரி, அட்டையில இருக்கும். அட்டை கடைசியாத்தான் வரும்.

பயப்படாதீங்க, இதுல இருக்கறதை ஒரு வார்த்தை வெளிய சொல்ல மாட்டேன். அண்ணமார் சாமி படத்துக்கு முன்னால கற்பூரம் அடிச்சு, என்ற ஊட்டுக்காரி ருக்மணி சத்தியம் வாங்கியிருக்கறா. அவளுக்கு எம்மேல தனியா ஒரு கோவம். பொட்டியப் பிரிக்கறதுக்கு முந்தியே உள்ள என்னன்னு சொல்ற மனுசனோட இருவத்தாறு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறேன்னு ஒறம்பரை வர்றவிய கிட்டயெல்லாம் சொல்லுவா. சீரியல் பாக்கறப்ப என்னைய வாசல் திண்ணைக்கு அக்கட்ட போகச் சொல்லிருவா.

சத்தியம் எதுக்குன்னு கேளுங்க. கேக்கலீனாலும் சொல்றேன்.

யுகேந்திரன்னு ஒரு தம்பி, யுகின்னு கூப்புடுவோம். இஞ்சினியரிங் படிக்கறப்பருந்து இந்தக் கடைக்குத்தான் வரும். படிச்சு முடிச்சு இங்கியே வேலைக்கும் போயிருச்சு. அந்தத் தம்பிதான் மொதல்ல இந்தப் புத்தகத்தைக் கொண்டாந்து குடுத்தது. ஞாயித்துக்கெழமையானா அவங்க ஊட்டு மாடி ரூமுல ஆட்டம். தீக்‌ஷான்னு ஒரு புள்ள, நௌஷாத், ஜோயல், மூணு பேரும் ஆடறவிய. தம்பி ஜி.எம். காலேஜுல மொத வருசத்துலருந்து நாலு பேரும் ஒரே சேக்காளிக.

தம்பிக்கு எதைய எடுக்கறதுன்னு தெரியாதுங்க. நெட்ல ஆயிரம் கெடக்குது. நாந்தான் சொல்லுவேன். ஏந்தம்பி, அதை எடுக்காத, போன வாரம் ஒருத்தரு அடிச்சுட்டுப் போனாரு, மேப்பு மட்டுந்தான் அழகு, உள்ள ஒண்ணுமில்ல. இதைய எடு, பத்தொம்போது பக்கம், ஒரு வரி வீண் கெடையாதுன்னு. ஒரு தடவ கூட என்ற சிபாரிசு தப்புனதில்லீங்க. தம்பியே சொல்லும், அண்ணா உங்களாட்ட ஒருத்தரு நெட்லயே இல்லீங்கண்ணான்னு. அந்த வார்த்தைக்கு நான் ரெண்டு நாளு சோறு இல்லாம இருப்பேன்.

அடங்கொப்புரானே!

ஒண்ணுமில்லீங்க. பல்லி. பல்லி விழுந்துச்சு. நீங்க உக்காருங்க.

எதுல உட்டேன்? ஆங், சிபாரிசு. தம்பிக்கு மட்டும் சொன்னாப் போதுமுங்களா? ஆடறவியளும் நம்ம கஸ்டமருதான. தீக்‌ஷா புள்ள சனிக்கெழமை அவளோட ஆளுக்கு உண்டான தாளு, என்ன பலம், என்ன ஆயுதம்னு இருக்குமில்ல, அதைய அடிக்க வருவா. அந்த வாரம் தேன்கூட்டு மாளிகைங்கற புத்தகம். நான்தான் தம்பிக்கு எடுத்துக் குடுத்தது. நீங்க ஆடியிருக்கறீங்களா அதைய? இல்லியா? நெம்ப நல்லது, கேளுங்க. காட்டுக்குள்ள ஒரு மாளிகை, வாசல்ல ஒரு சமையக்காரன் நின்னு வாங்க வாங்கம்பான். அந்தச் சமையக்காரன் ஆளே இல்லீங்க! பூராந் தேனீ! சட்டை போட்ட தேனீங்க! ஏனுங்க காதைப் பொத்தறீங்க?

அதைத்தான் அந்தப் புள்ளைகிட்டச் சொன்னேன். நாளைக்கு உங்களுக்குப் பிரமாதமான ஆட்டம் இருக்குது கண்ணு, சமையக்காரனைப் பாத்தா மொதல்ல பொகையப் போட்டுருன்னு. அதுல என்னங்க தப்பு? சாம்பாரு நல்லாருக்குதுன்னா, அதுல முருங்கக்கா போட்டிருக்குதுன்னு சொல்ல மாட்டமா? ஒண்ணு ஏன் நல்லாருக்குதுன்னு சொல்லாம நல்லாருக்குதுன்னு எப்புடிங்க சொல்றது?

திங்கக்கெழமை யுகி தம்பி வந்துச்சு. மொகமே செரியில்லை. அண்ணா, மூணு வாரமா உக்காந்து தயார் பண்ணுனேனுங்கண்ணா, சமையக்காரன் 'வாங்க'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னான், இவ பொகையப் போட்டுட்டாளுங்க, பத்து நிமிசத்துல ஆட்டம் முடிஞ்சு போச்சுன்னுச்சு. அந்தப் புள்ள கெட்டிக்காரி தம்பின்னேன். எனக்கு உள்ளுக்குள்ள பெருமைங்க. பாரு, நம்ம சிபாரிசு எவ்வளவு பிரயோசனப்படுதுன்னு.

அப்பறம் ஏழாவது மணின்னு ஒரு புத்தகம். ஒரு ஊருல கோயில் மணி தானா அடிக்குது, அடிக்க அடிக்க ஒவ்வொருத்தரா காணாமப் போறாங்க. நௌஷாத் தம்பி ஆதார்ல அட்ரஸ் மாத்த வந்திருந்துச்சு. அஞ்சு நிமிசம் சர்வர் தொங்கிப் போச்சு, சும்மா எதுக்கு உக்காந்திருக்கறதுன்னு பூசாரியப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னேன். ஞாயித்துக்கெழமை ஆட்டம் ஆரம்பிச்ச ஒடனே பூசாரியப் புடிச்சுக் கட்டிப் போட்டுட்டானுங்க. மணி ஒரு தடவ கூட அடிக்கலை.

யுகி தம்பிக்குச் சந்தேகம் வந்துருச்சு. இவிய நெட்ல புத்தகத்தை எடுத்து முன்னாலயே படிச்சுட்டு வர்றாங்கன்னு. ஜோயலுதான் படிச்சுச் சொல்றான்னு ஒரு நெனப்பு. ஜோயலுக்கு ரோசம் வந்து, என்னையப் பாத்தா திருடனாட்டத் தெரியுதான்னு எந்திரிச்சுப் போயிட்டான். ஆறு வருச சேக்காளிக, ரெண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்லீங்க. நானே பாத்துப் பொறுக்காம, ரெண்டு பேரையும் கூட்டியாந்து இதே ஸ்டூல்ல உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்துப் பஞ்சாயத்துப் பண்ணுனேன். தம்பிகளா, யாரோ ஒருத்தன் நடுவுல போட்டுக் குடுக்கறானாட்ட இருக்குது, எவன்னு கண்டுபுடிக்கோணும், நீங்க ஏன் சண்டை போடறீங்கன்னேன். கையக் குடுத்துக்கிட்டாங்க. ஜோயல் தம்பி என்ற கையையும் புடிச்சுட்டு, நீங்க இல்லாட்டி என்னாயிருக்கும்ங்கண்ணான்னுச்சு.

ஹா ஹா ஹா! இந்த மூணாவது அறையில ஒரு... இல்ல, இல்ல. சத்தியம். வேற எதையோ நெனச்சுச் சிரிச்சேனுங்க.

இது எழுதுனவரு சாதாரண ஆளில்லீங்க அம்மிணி. உள்ள என்ன இருக்குதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சொல்றேன், இவரு நம்மூருக்காரராத்தான் இருக்கோணும். கைதேர்ந்த ஆளு. எப்புடியும் அம்பது வயசிருக்கும். ஒரே ஒரு கொறை, சாவி எங்க இருக்குதுன்னு ரெண்டு எடத்துல ரெண்டு விதமா இருக்குது. மத்தபடி... நான் படிக்கலீங்க, கண்ணுல பட்டுது. நீங்க ஏன் அதைய போன்ல குறிச்சுக்கறீங்க?

செரி, கடைக்கு வெளிய போர்டு வெச்ச கதைக்கு வாறேன்.

அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சுங்க. இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கறோம், நாலு பேருக்கு மட்டும் சொன்னாப் போதுமான்னு, வெளிய ஒரு கரும்பலகை வெச்சேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், அதுக்குக் கீழ கட்டம் போட்டு 'இந்த வாரச் சிபாரிசு'. மொத வாரமே நல்ல கையெழுத்துல எழுதுனேன். 'தூங்கும் ராணி. இருபத்து நாலு பக்கம். மிக அருமை. கடைசியில் ராணிதான் பேய். தவறாமல் விளையாடுங்கள்.'

சிரிக்காதீங்க. என்ற வாழ்க்கை அதுல போச்சு.

அவிய நாலு பேரும் அதைத்தான் ஆடிட்டிருந்தாங்க. தெரியுமுங்க, நான்தான அடிச்சுக் குடுத்தேன். ஆனா ரெண்டு வாரத்துல முடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். முடிக்கலை. சமாதானமாகி மறுபடி ஆரம்பிச்சதால மெதுவா, ஆசையா ஆடிட்டு இருந்திருக்கறாங்க. ஜோயல் தம்பியோட வீரனுக்கும் அந்த ராணிக்கும் அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமைதான் நிச்சயதார்த்தமே ஆயிருக்குது. நாலு பேரும் வடை தின்னுட்டு அப்புடியே நடந்து வந்தவிய, போர்டுக்கு முன்னால நின்னுட்டாங்க. நான் உள்ளருந்து, வாங்க வாங்க, படிச்சுப் பாருங்க, எப்புடி இருக்குதுன்னேன்.

ஜோயல் தம்பி கையில இருந்த வடையக் கீழ போட்டுருச்சு. யுகி தம்பிதான் மெதுவாக் கேட்டுச்சு. அண்ணா, அப்ப எல்லாம் நீங்கதானுங்களா?

ஆமா தம்பின்னேன். போர்டப் பத்திக் கேக்குதுன்னு நெனச்சுட்டேன்.

சத்தம் போட்டிருந்தா எனக்கு ஆறியிருக்குமுங்க. போடலை. நாலு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. அதோட எட்டு மாசம். சிக்னலுக்கு அந்தப் பக்கம் புதுசாக் கலர் ஜெராக்ஸ் வந்திருக்குது பாருங்க, அங்கதான் போறாங்க. என்ற கடையத் தாண்டித்தான் போகோணும். தாண்டறப்ப வணக்கம் வெக்கறாங்க, அதுதான் இன்னுஞ் சங்கடம். ருக்மணிகிட்டச் சொன்னேன், நான் அப்பவே நெனச்சேன்னா. கற்பூரத்தைக் கொண்டாந்தா.

என்ற மேல தப்பே இல்லீங்கறேன் நானு. அதுல மாத்தமில்லை. ஆனா ஒண்ணு சொல்றனுங்க அம்மிணி, உங்களைப் பாத்தா சொல்லலாமாட்டத் தோணுது. மூணு வருசம். எத்தனை கோட்டை, எத்தனை பூதம், எத்தனை ராணி இந்தக் கையி வழியாப் போயிருக்குது. வாங்கண்ணா, ஒரு வாரம் நீங்களும் வந்து உக்காருங்கன்னு ஒருத்தராச்சும் சொன்னாங்களா? மாடி ரூமுல சிரிக்கற சத்தம் கீழ ரோடு வரைக்கும் கேக்கும். நான் அந்தப் பக்கம் பாலு வாங்கப் போறாப்புலப் போவேன். எங்க ஊட்டுக்குப் பாலு ஊட்டுக்கே வந்துரும். சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, ஓகோ, இப்ப ரெண்டாவது கதவுகிட்ட இருக்கறாங்கன்னு கணக்குப் போட்டுட்டுத் திரும்பி வந்துருவேன். கேவலந்தானுங்க. ஆசைன்னு வந்துட்டா என்ன பண்றது? ஒரே ஒரு தடவ அந்த மேசையில உக்காரோணும். அவ்வளவுதான்.

கண்ணுல தூசிங்க. இந்தத் தாளுல வர்ற அந்த ஆயா சாகறதுனால இல்ல. வெறும் தூசி.

வந்துருச்சு பாருங்க, அட்டை. படம் நெம்ப நல்லாருக்குது. 'பூதம் காத்த கிணறு. நாலு பேர் ஆடும் சாகசம். எழுத்தும் படமும்: கார்குழலி, பீளமேடு.' பாத்தீங்களா, நம்மூருதான்னு சொன்னனல்ல! பொம்பளையா? எந்தத் தெருவுன்னு தெரிஞ்சா...

ஏனுங்க அம்மிணி, கைய ஏன் தூக்கறீங்க?

நீங்களா?

அட கொக்கமக்கா! அம்பது வயசுன்னேனே! மன்னிச்சுக்குங்க. இந்த வயசுல இப்புடி ஒரு... உங்களுக்கு ஸ்பைரலு நான் போட்டுத் தர்றது என்ற பாக்கியமுங்க. கருப்பா நீலமா? நீலம் போடறேன்.

என்னுங்க? ஞாயித்துக்கெழமை சோதனை ஆட்டமா? நெட்ல விக்கறதுக்கு முந்தி ஒரு தடவ ஆடிப் பாக்கோணுமா? ஆமா, ஆமா, செஞ்சாகோணும். எங்க வெச்சு?

யுகி தம்பி ஊட்டுலயா.

ஓ. நீங்க அவியளுக்கு வேண்டியவியளா. தீக்‌ஷா புள்ளையோட ஆபீஸா? செரி. நான் இத்தனை நேரம் பேசுனதெல்லாம் அங்க போயி... பரவால்ல, சொல்லுங்க. உண்மைதான.

என்னது? ஜோயல் தம்பி புனேக்கு வேலைக்குப் போயிருச்சா? ஒரு ஆளு கொறையுதா?

நானா?

இருங்க. மிசினை நிறுத்திக்கறேன், சத்தத்துல செரியாக் கேக்கலை. இப்பச் சொல்லுங்க. யுகி தம்பியே சொல்லுச்சா? என்னன்னு? சோதனை ஆட்டத்துக்கு மனசுல பட்டதை அடக்கத் தெரியாத ஆளு ஒருத்தர் வேணும், அதுக்குச் சென்னியப்பண்ணனை உட்டா ஆளில்லைன்னா? அந்தத் தம்பியா? அந்த வார்த்தையா?

வாறேனுங்க. வாறேன். கடை லீவு. ருக்மணியோட தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து இருக்குது, அது கெடக்குது, அவன் காது எங்க போகுது. வாறேன்.

ஒரே ஒரு நிபந்தனையா? சொல்லுங்க.

புத்தகத்தைப் படிச்சிருக்கக் கூடாதா.

இல்லீங்க. படிக்கலை. ஒரு வரி படிக்கலை. எங்கீங்க நேரம், உங்ககிட்டதான பேசிட்டே இருந்தேன்! கண்ணாடி கூட போடலை பாருங்க. இதா? இது நெத்தியில சும்மா கெடக்கறது. பல்லி விழுந்ததைத்தான் பாத்தேன். ஆயாவா? எந்த ஆயா? எங்க ஆயாவை நெனச்சேனுங்க, அது செத்து முப்பது வருசமாச்சு.

அப்ப, என்ற ஆளு தாளை இப்பவே அடிச்சுக்கலாமுங்களா? பேரு... வல்லாளன். நல்லாருக்குதா? வயசு இருவத்தஞ்சு. பையில என்ன வேணுமுன்னாலும் வெச்சுக்கலாமில்லீங்க? எழுதிக்குங்க. ஒரு கத்தி. ஒரு கயிறு. ஒரு சொம்பு மோரு.

மோருதானுங்க. புளிச்ச மோரு. நல்லாப் புளிச்சது, மூணு நாளைத்த மோரு. எதுக்குன்னா, சும்மாதான். வெயில் காலம். வல்லாளனுக்குச் சூட்டு ஒடம்பு.

ஏனுங்க இப்புடிச் சிரிக்கறீங்க? அம்மிணி, ஸ்டூலு சாஞ்சுக்கும், பாத்து.

பேனாவா? இந்தாங்க. எந்தத் தாளை எடுக்கறீங்க? அது கடைசிப் பக்கமாச்சே. ஏனுங்க கோடு போட்டு அடிக்கறீங்க? நல்லாத்தான இருந்துச்சு! அட, மோரை ஏனுங்க அடிக்கறீங்க, அதுக்குத்தான பூதம் மயங்கி... நான் ஒண்ணும் சொல்லலை. அதுக்குப் பதிலா என்னங்க எழுதறீங்க? கையக் கொஞ்சம் எடுங்க. மறைக்காதீங்க அம்மிணி, நான் உங்கப்பா வயசு ஆளு.

அப்ப வரலாமுங்களா? இதுக்கப்பறமுமா? ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கா?

ஆனா அது என்னன்னு இப்பச் சொல்ல மாட்டீங்க. அங்க வந்தாத்தான் தெரியுமா.

இன்னைக்குச் செவ்வாக்கெழமைதானுங்க அம்மிணி. அஞ்சு நாளு. முடிவு தெரியாம அஞ்சு நாளு நான் எப்புடிங்க தூங்கறது?